ஆயுத பூஜைக்கு ஓய்வு கொடுத்த மெஷின்

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், ஆயுத பூஜை சமயம். திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் இருந்த சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸில் நான் பெருக்கித் துடைத்து, டீ போட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். அப்போதே எனக்கு அறுபது தாண்டிவிட்டது. படிப்பு நாலாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எண்கள் நன்றாகத் தெரியும். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்க மட்டும் கூச்சம். அந்த ஆபீஸில் இரண்டு வருஷத்தில் நான் பேசியதை எல்லாம் ஒரு தாளில் எழுதிவிடலாம்.

ஆபீஸில் மொத்தம் இரண்டே பேர். நடத்துகிற மேடம், அவரிடம் வேலை பார்த்த ஒரு பொண்ணு. ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் எண்ணூர் ரோட்டில் இரண்டு நாள், மூன்று நாள் என்று காத்துக் கிடக்குமே, அந்த அவஸ்தைக்கு அவர்கள் ஒரு வழி செய்திருந்தார்கள். வண்டியை ஹார்பருக்கு வெளியே நிறுத்தி வைக்கும் யார்டில் விட்டு, ஒரு நம்பர் வாங்கிக்கொள்ள வேண்டும். இப்போது எந்த நம்பர் உள்ளே போகிறது என்பது இன்டர்நெட்டில் அவர்கள் செய்த ஒரு பக்கத்தில் தெரியும். கம்பெனி கிளார்க் பார்த்துச் சொல்லலாம், டிரைவரே பிரவுசிங் சென்டரில் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை டிரைவர் வீட்டுக்குப் போய்க் குளித்து, பிள்ளைகள் முகத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

அது முழுக்க ஓடியது மேஜைக்கு அடியில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டிக்குள். அது எனக்குத் தெரியாது.

பூஜைக்கு முதல் நாள் மேடம் சாவியைக் கொடுத்து, "நாளைக்கு எங்களுக்கு லீவு ஆயா. சாமி கும்பிடணும்னா உங்க இஷ்டப்படி பண்ணிக்கோங்க. பொட்டிங்க மேல தண்ணி மட்டும் படாம பாத்துக்கோங்க" என்றார். அவர் சர்ச்சுக்குப் போகிறவர். நம் பூஜை வழக்கம் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

என் வீட்டுக்காரர் இரும்பு கம்பெனியில் வேலை செய்தவர். பூஜையன்று அங்கே ஒரு மெஷின்கூட ஓடாது. நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் காலை வரை ஓய்வு கொடுப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து வந்த பக்தி என்னுடையது.

பூஜையன்று மத்தியானம் ஆபீஸைத் திறந்தால் மற்றதெல்லாம் நின்றிருக்க, அந்தக் கறுப்புப் பெட்டி மட்டும் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. பாவம், மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பேட்டரியிலிருந்து அதற்கு வரும் வயரின் சுவிட்சுக்கு மேலே இங்கிலீஷில் ஏதோ எழுதிய தாள் ஒட்டியிருந்தது. சுவிட்சை நிறுத்தினேன். பெட்டியைத் துடைத்துப் பொட்டு வைத்து, ஒரு முழம் கதம்பத்தைச் சுற்றினேன். அந்த இங்கிலீஷ் தாளுக்கும் மூன்று பொட்டு வைத்தேன். மறுநாள் காலை முதல் ஆளாக வந்து சுவிட்சைப் போட்டுவிட்டேன்.

பதினோரு மணிக்கு ஒரு டிரெய்லர் டிரைவர் மாடிப்படி அதிர ஏறி வந்தார். கொருக்குப்பேட்டைக்காரர்.

"இன்னா மேடம், நேத்து மத்தியானத்திலேர்ந்து உங்க பக்கம் தொறக்கவே இல்லியே! கிளார்க்கு லீவு. நானே சென்டர்ல போயி பாத்துகினு கீறேன், இப்ப தொறக்கும் அப்பால தொறக்கும்னு. யார்டுக்கு ஓடுறதுக்குள்ள என் நம்பரு பூட்ச்சு, கப்பலும் பூட்ச்சு. இன்னைக்கி ஓனரு தொறந்து பாத்தா பளிச்சுனு ஓடுது! ‘பக்கம் நல்லாத்தானே கீது, நீ ஊத்திக்கினு வூட்ல தூங்கிட்டே’ன்னு வண்டிச் சாவியப் புடுங்கிக்கினான். பன்னெண்டு வருசம் ஓட்டுன வண்டி மேடம்."

அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, மெஷின் நேற்று மத்தியானம் நின்று இன்று காலைதான் ஓடியிருக்கிறது என்றாள். ஏன் நின்றது என்று அவளுக்குப் புரியவில்லை. கீழே பட்டறையில் கேட்டால் கரண்ட் போகவே இல்லை என்றார்கள். பெட்டியில் பொட்டையும் பூவையும் பார்த்து காலையில் இருவரும் சிரித்திருந்தார்கள். நான் சுவிட்சைத் தொட்டிருப்பேன் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மேடம் டிரைவரின் ஓனருக்குப் போன் போட்டார். எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"கரண்டும் போகலை, பேட்டரியும் இருக்குங்கறீங்க. அப்புறம் தானா எப்படிம்மா நிக்கும்?" என்றது ஓனர் குரல். "டிரைவர் வந்து அழுதான்னு சப்பைக்கட்டு கட்டாதீங்க. சாவியை வேற ஆளுக்குக் குடுக்கப்போறேன்."

டிரைவர் சுவரில் சாய்ந்து அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கை தானாக சட்டைப் பையைத் தடவியது. சாவி இருந்த இடம் போலிருக்கிறது.

நான் டீ கிளாஸ்களோடு மூலையில் நின்றேன். தட்டை மேஜையில் வைத்தேன். "நான்தான்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"இன்னா ஆயா?" என்று திரும்பினார் டிரைவர்.

"நான்தான் நிறுத்தினேன். பூஜைக்கு... ஒரு நாள் ஓய்வு குடுத்தேன்."

டிரைவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "மெஷினுக்குப் பொட்டு வெச்சுட்டு என் பொயப்புக்குப் பால் ஊத்திட்டியே ஆயா!"

போனில் ஓனர் இருமினார். "ஆயுத பூஜைக்கா நிறுத்தினாங்க?" பிறகு சிரிப்புச் சத்தம். "இப்படி ஒரு காரணத்தை யாராலயும் ஜோடிக்க முடியாதும்மா. அவனை வந்து சாவியை வாங்கிக்கச் சொல்லுங்க."

டிரைவர் எழுந்தார். என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார். நான் என் ஒயர் கூடையை எடுத்துக்கொண்டேன். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றார் மேடம். "அத்தனை டிரைவருங்க பொழப்பை ஒத்த சுவிட்சுல தொங்க விட்டது நான். நீங்க நிறுத்தலைன்னா ஒரு எலி வயரைக் கடிச்சிருக்கும். போதாததுக்கு ‘நிறுத்தாதே’ன்னு இங்கிலீஷ்ல எழுதி ஒட்டியிருக்கேன் பாருங்க. கூடையைக் கீழ வைங்க."

அன்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் அந்தப் பொண்ணு சரியாகச் சாப்பிடவில்லை. வெளிநாட்டில் ஒரு பெரிய கம்பெனி கணக்கில்லாத மெஷின்களை அடுக்கி வைத்து வாடகைக்கு விடுகிறதாம். தாங்கள் எழுதியதை அங்கே ஏற்றிவிட்டால் அவர்கள் ஓட்டுவார்களாம். ஒரு மெஷின் படுத்தால் இன்னொன்று எழுந்து நிற்குமாம். ஆனால் இங்கே ஓடியது அங்கே ஓட மறுத்தது. சிவப்பு எழுத்தாக வந்து விழும். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுதுவாள். ஒரு நாள் சின்னதாகக் கத்தினாள். ஓடிவிட்டது. ஆனாலும் பக்கத்தின் விலாசம் புது வீட்டுக்கு மாறினது எல்லா ஊருக்கும் தெரிய ஒரு நாளாவது பொறுக்க வேண்டும் என்றாள். தபால்காரர்களுக்குச் சொல்லி அனுப்புகிற மாதிரி என்று எனக்கு விளக்கினாள்.

நான் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். "அந்த மெஷினை நீங்க பாத்திருக்கீங்களா?"

மேடம் யோசித்தார். "இல்லை ஆயா. எந்த ஊர்ல, எந்தக் கட்டடத்துல இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

எனக்குப் புல்லரித்துவிட்டது. செய்தவருக்கே அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் கூப்பிட்டால் வருகிறது.

இரண்டு நாள் கழித்து ஒரு பிற்பகல், மேடம் அந்த டிரைவரை வரச்சொல்லியிருந்தார். அவருடைய கம்பெனி கிளார்க் போனில் இருந்தார். "ஆயா, இங்க வாங்க. மெஷினை நிறுத்துங்க" என்றார் மேடம்.

நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். "வேணாம் மேடம். மறுபடியும் நானா?"

"நீங்கதான்."

டிரைவர் சிரித்தார். "போடு ஆயா. இன்னொரு தபா என் பொயப்புல கை வெச்சுப் பாரு."

மேடம் என் கையைப் பிடித்து சுவிட்சின் மேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். உர்ரென்ற சத்தம் இறங்கி இறங்கி அடங்கியது. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. கீழே லேத்தில் இரும்பு சீவுவது கேட்டது.

பொண்ணின் மேஜையில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரில் அந்தப் பக்கம் திறந்திருந்தது. நாற்பத்தொன்று என்று இருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு அதையே பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்திரண்டாக மாறியது.

"அங்க இன்னா தெரியுது?" என்று டிரைவர் போனில் கேட்டார்.

"நாப்பத்திரண்டு" என்றது கிளார்க் குரல். "இப்பத்தான் மாறுச்சு. ஏன், இன்னா?"

நான் குனிந்து பெட்டியைத் தொட்டேன். நிஜமாகவே நின்றுதான் இருந்தது. சூடு மட்டும் இன்னும் ஆறவில்லை. இங்கே செத்துக் கிடக்கிறது, யார்டில் வண்டிகள் நகர்கின்றன. நாற்பத்து மூன்று. டிரைவர் வாயைப் பிளந்து நின்றார். பிறகு, "நம்மளத் தூக்கி சாப்டுடுச்சு ஆயா" என்று மெதுவாகச் சொன்னார். இரண்டு பேரும் அறியாத பிள்ளைகள் மாதிரி அந்த எண் மாறுவதையே பார்த்துக்கொண்டு நின்றோம். நாற்பத்து நாலு வந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ அதிசயங்களைப் பார்த்துவிட்டேன். இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஆனாலும் எங்கோ பெயர் தெரியாத ஊரில் இருந்து அந்த எண்ணை மாற்றிய மெஷினைவிட, தப்பு செய்த என் கையையே பிடித்து அதே சுவிட்சின் மேல் வைத்த அந்த மனசுதான் இன்றைக்கும் எனக்குப் பெரிய ஆச்சரியம்.