அண்ணி உட்கார்ந்தே பார்த்த வைத்தியம்

"வாயைத் திற. இன்னும் கொஞ்சம். கரண்டி கழுவினதுதான், முழிக்காதே."

"ஆ..."

"எப்போலேருந்து தொண்டை வலி?"

"ரெண்டு நாளா, அண்ணி."

"அண்ணியும் கிடையாது கிண்ணியும் கிடையாது. நான் உன்னைப் பார்க்கிற நர்ஸ். இருமல் இருக்கா?"

"இல்லீங்க, காய்ச்சல்தான். எச்சில் முழுங்கினா உயிர் போகுதுங்க."

"எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?"

"இல்லீங்க."

அண்ணி அவள் கழுத்தின் இரு பக்கமும் விரல் வைத்துப் பார்த்தாள். "நெறி கட்டியிருக்கு. உள்ளே சீழ் தெரியுது. இது கிருமியால வந்த தொண்டைப்புண்." கணீரென்று சொன்னாள். அடுத்து மருந்தை எழுத வேண்டியதுதான் பாக்கி. ஆனால் சட்டென்று எழுந்து, இரண்டடி பின்னால் போய், நோயாளியின் விவரம் எழுதும் அட்டையை எடுத்து வெற்றுக் காற்றில் நீட்டினாள்.

"கொஞ்சம் பொறுங்க. டாக்டர் வந்து பார்ப்பார்."

"போச்சுடா! மறுபடியும் ஃபெயில்!" என்று சமையலறையிலிருந்து அண்ணன் கத்தினான். எச்சில் விழுங்க முடியாத நோயாளி சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தாள்.

அந்த நோயாளி அண்ணனின் தங்கை. பள்ளிக்கூடத்தில் ஓவியம் கற்றுக்கொடுப்பவள், வீட்டில் சின்னவள். பேச்சு குறைவு. "கேட்டுக் கேட்டுப் பதில் வாங்க வேண்டிய நோயாளிதான் நல்ல பயிற்சி" என்று அண்ணி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

இருபது வருடம் வார்டு நர்ஸாக இருந்துவிட்டு, நாற்பதைத் தாண்டி முதுநிலை செவிலியர் படிப்பில் சேர்ந்தவள் அண்ணி. டாக்டர் இல்லாத சின்னச் சின்ன கிளினிக்குகளில் சாதாரண நோய்களைத் தானே பார்த்து, தானே முடிவெடுத்து, மருந்தும் எழுதித் தரும் நர்ஸுக்கான படிப்பு அது. எழுத்துத் தேர்வெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. நடிக்கும் நோயாளியைப் பரிசோதிக்கும் கடைசித் தேர்வில்தான் சறுக்கினாள். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, வார்டுப் பழக்கத்தில் டாக்டருக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்று அட்டையை நீட்டினாள். "யாருக்கும்மா நீட்டுறீங்க?" என்றார் தேர்வாளர். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் விட்டால், படித்த படிப்பு அலமாரியில், அவள் பழையபடி வார்டில்.

அன்றிலிருந்து வீடே ஆஸ்பத்திரி. அண்ணனுக்கு முழங்கால் வலி. மாமனாருக்கோ சின்ன வியாதிகள் பிடிக்காது.

"என்ன செய்யுது, மாமா?"

"நேத்தே செத்துட்டேன்மா."

"செத்தவங்களுக்கு மருந்து எழுதக் கூடாது, மாமா."

"பார்த்தியா, நீயே முடிவெடுத்துட்டே! இவளைப் போய் ஃபெயில் பண்ணினானே!"

ஆனால் உயிரோடு இருப்பவர்கள் வந்தால் அண்ணியின் கால் தானாகப் பின்னால் போனது. வாய் சொன்னதைக் கேட்டது, கால் கேட்கவில்லை. கடைசியில் வாய் திறந்தவள் சின்னவள்தான்.

"எழுந்தாத்தானே அண்ணி பின்னால போவீங்க? எழுந்திருக்காதீங்க."

"வார்டுல நான் உட்கார்ந்ததே இல்லையேடி."

"இப்ப உட்காருங்க. காலை நாற்காலிக் காலோட பின்னிக்குங்க."

தேர்வு நாளன்று வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் அண்ணி உள்ளே வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஒரு முழங்கையில் பெரிய பிளாஸ்டர்.

"என்னடி ஆச்சு?" என்று அண்ணன் பதறினான்.

"காதுவலின்னு ஒரு அம்மா. எல்லாம் பார்த்தேன், சொன்னேன். உடனே அந்தம்மா, 'டாக்டர் எப்ப வருவாரு?'ன்னுச்சு. கால் துடிக்குது. ரெண்டையும் பின்னி வெச்சிருக்கேனா, நகர முடியலை. 'நான்தாங்க பார்க்கிறேன். மருந்து எழுதித் தர்றேன், குறையலைன்னா என்கிட்டயே வாங்க'ன்னேன். தேர்வாளர் பேனாவை மூடிட்டு, நீங்க போகலாம்னார். காலைப் பின்னினது மறந்து எழுந்தேன். நானும் நாற்காலியும் ஒண்ணாக் கவிழ்ந்தோம்! நோயாளியே கட்டில்லேருந்து குதிச்சு வந்து தூக்கிவிட்டாங்க!"

"அப்ப ரிசல்ட்டு?"

"பாஸ்! பிளாஸ்டர் போட்டுவிட்டதே தேர்வாளர்தான்!"

மாமனார் கைதட்டினார். அண்ணன் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கொஞ்ச நாளில் கடைத்தெரு கிளினிக்கில் அவளுக்கென்று ஓர் அறை ஒதுக்கினார்கள். ஒரு மேஜை, ஒரு கட்டில், வெளியே வரிசையாகக் காலி நாற்காலிகள். முதல் நாளுக்கு முன்தினம் அண்ணி மாடிக்கு வந்து, சின்னவள் வரைந்துகொண்டிருந்த படத்தைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றாள்.

"நாளைக்கு உனக்கு லீவுதானே?"

"ஆமா, அண்ணி."

"நர்ஸ்தானேன்னு யாரும் வரலைன்னா? காலையில வந்து வெளியில உட்கார்ந்திரேன், கண்ணு. உடம்புக்கு ஒண்ணும் இருக்க வேண்டாம், சும்மா உட்காரு. ஆள் இருந்தாத்தான் ஆள் வரும்."