பின்சீட்டில் கேட்கும் பிஸ்மில்லா

இன்று தார்நாகாவில் மேட்னி ஷோ. நிஜாம் காலத்துக் கதை, ஆக்‌ஷன் படம்.

கூட வந்தது நஸ்ரீன். என் லேபில் வேலை செய்யும் ஆம்பூர்க்காரி. தினமும் அவள் ஸ்கூட்டரில்தான் போகிறேன், வருகிறேன்.

வில்லன் கத்தியை ஓங்கும்போதெல்லாம் சுர்மா தீட்டிய கண்ணை உருட்டி "பிஸ்மில்லா" என்றான். இடைவேளைக்குப் பிறகு, அவன் வாயைத் திறக்கும் முன்பே தியேட்டரே அதைச் சொல்லிச் சிரித்தது.

நஸ்ரீன் பாப்கார்னை என் மடியில் வைத்தாள்.

"போயிடலாமாடி?" என்றேன்.

"நக்கோ. நடுவுல எழுந்தா எல்லாரும் நம்மளத்தான் பார்ப்பாங்க."

பார்க்கிங்கிலும் அதே கூட்டம். வண்டியை எடுக்கும் முன் நஸ்ரீன் தினமும் வாய்க்குள் சொல்வதும் பிஸ்மில்லாதான். பின்சீட்டில் கேட்டுக் கேட்டு, அது இல்லாமல் கிளம்பினால் எனக்கே என்னவோ போல இருக்கும்.

இன்று சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, பேசாமல் சாவியைத் திருகினாள்.

பழக்கத்தில் நான் சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே.

பக்கத்து பைக்கில் இருந்தவர் திரும்பி, கத்தியை ஓங்குவதுபோல் கையை ஓங்கிச் சிரித்தார். வில்லனை நான் நடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

நாச்சாரத்தில் என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, நஸ்ரீன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அவளும் அப்படித்தான் நினைத்தாளா?

படம் எப்படி என்று கேட்காதீர்கள். நாளைக் காலை அந்த ஸ்கூட்டரில் ஏறும்போது நான் என்ன சொல்லட்டும், அதைச் சொல்லுங்கள்.