நாகேஸ்வரி கட்டிய கடைசிச் சுருள்

எழுபத்தொன்பதில், லிட்கம் என்ற ஊரில், பம்புத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பின்தட்டில் ஒரு மோட்டர்ச் சுருள் இருந்தது. கொம்பியூட்டரைக் கேட்டால் அப்படி ஒன்று இல்லை.

அதை இல்லாமல் ஆக்கியவர் ஸ்டோர்ஸ்காரர் விக்னராஜா. இரும்பு வளையத்தில் செம்புக் கம்பி சுற்றி நூலால் இறுக்கிய அந்தச் சுருள், அங்கேயே சுருள் சுற்றிய அவருடைய மனைவி நாகேஸ்வரி கடைசியாகச் செய்தது. பூக்கட்டும் முடிச்சிலேயே கட்டுவாள். மிச்ச நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். முகம் சுளித்த ஃபோர்மன் பெர்ட், ஒன்றுகூட அவிழ்ந்து வராததைக் கண்டு வாயை மூடிக்கொண்டார்.

மாசியில் அவள் இறந்துபோனாள். அவள் செய்தவை ஒவ்வொன்றாய்ப் பம்புகளுக்குள் போயின. ஒன்று மிஞ்சியபோது விக்னராஜா கொம்பியூட்டருக்குப் பொய் சொன்னார்: சுருள் பழுது, பிரித்தாயிற்று, வளையமும் கம்பியும் இருப்பில். அது நம்பியது. சுருளைத் துணியில் சுற்றி ஒளித்துவைத்தார். சாப்பாட்டு நேரங்களில் போய் அதன் முன் நிற்பார். முதுகுக்குப் பின்னால் நூல் கடிபடும் சத்தம் கேட்கும். திரும்பினால் நின்றுவிடுமோ என்று திரும்பமாட்டார்.

மெல்பேர்னிலிருந்து வளையம் வராமல் வேலை முடங்கிய கிழமை, சுருள் சுற்றும் இந்திரகுமார் வந்து நின்றான்.

“விக்கி அண்ணை, ஒரு வளையம் இருக்காம். தாங்கோ.”

“இல்லையடா.”

“கொம்பியூட்டர் இருக்கெண்டுது, நீங்கள் இல்லையெண்டுறியள். உங்கள் ரெண்டு பேருக்கும் என்ன கோவம்?” சிரித்தான். “ஆஸ்பத்திரிக்குப் போற பம்பாம், அண்ணை. பெர்ட் துள்ளுறான்.”

“பொறு, வாறன்.”

துணியை விரித்து, கத்தியை முடிச்சின்மேல் வைத்தார். முடிச்சை அறுத்து, கம்பியைப் பிரித்து வளையத்தைக் கொடுத்தால் பொய் தப்பிவிடும். அவள் கை வேலை போய்விடும். முழுதாய்க் கொடுத்தால் பொய் வெளியே வரும். அவருடைய வேலையே போகலாம். பின்னால் நூல் கடிபடும் சத்தம் சட்டென்று நின்றது. அப்படியொரு அமைதியை அவள் போன அன்றுதான் கேட்டிருந்தார்.

கத்தியை மடித்தார். கொம்பியூட்டரில் வளையத்தையும் கம்பியையும் மறுபடி சேர்த்தார்: சுருள் ஒன்று, செய்தாயிற்று. செய்தவரின் இலக்கத்தைக் கேட்டது. விரல்கள் அவளுடைய இலக்கத்தை அடித்தன. அதுவாவது பொய்யில்லை. அதை எப்போதோ அழித்திருப்பார்கள் என்று நினைத்திருந்தார். திரை பேசாமல் ஏற்றுக்கொண்டது.

முடிச்சைப் பார்த்ததும் இந்திரகுமாருக்குப் பகிடி வரவில்லை.

“அக்காவின்ரை எல்லே?”

“ஓம். கொண்டுபோய்ப் பம்பிலை போடு.”

பெர்ட் ஒன்றும் கேட்கவில்லை. வளையங்கள் வந்திறங்கிய காலை, புதிய வேலைத்தாள் அச்சாகி வந்தது. ஆள் திரும்பிவிட்டதாக எடுத்துக்கொண்ட கொம்பியூட்டர், நாகேஸ்வரியின் பெயருக்கு நேரே அன்றைய சுருள்களை ஒதுக்கியிருந்தது.

தாளில் பெயர் உள்ளவருக்குப் பொருள் கொடுப்பது ஸ்டோர்ஸ்காரரின் வேலை. விக்னராஜா வளையங்களையும் கம்பியையும் நூலையும் எடுத்துப்போய், வெறும் கதிரைக்கு முன்னால், அவளுடைய மேசையில் அடுக்கிவைத்தார். பிறகு ஸ்டோர்ஸுக்கு வந்து பின்தட்டின் முன் நின்றார். முதுகுக்குப் பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. தூரத்தில், அவள் மேசைப் பக்கம், நூல் கடிபட்டது.