அரை அங்குலம் பெருத்த ஓட்டைகள்

என் புருஷன் எர்ரலுக்குப் பகலில் பஸ் ஓட்டும் வேலை. மிச்ச நேரமெல்லாம் பெட்டி, பெட்டி, பெட்டிதான். ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு வந்த எங்கள் ஆட்களுக்குக் கல்யாணமோ ஞானஸ்நானமோ, பேஸின் கனத்த ஓசை நெஞ்சைக் குலுக்காவிட்டால் அது விசேஷமே இல்லை. ‘செடார்’ என்ற சவுண்ட் செட்டை இவரும் கார்ல்டனும் சேர்ந்து நடத்தினார்கள். மைக்கும் இசைத்தட்டும் கார்ல்டன் பொறுப்பு. ஸ்பீக்கர் உட்காரும் பெட்டி செய்வது இவர். ஊரே கார்ல்டன் பெயரைத்தான் சொல்லும், இவர் அதற்கும் சேர்த்து சந்தோஷப்படுவார். அப்படி ஒரு மனுஷன்.

விருந்தாளிக்கென்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த முன்னறையில்தான் பிளைவுட் அறுபடும். சோற்றில் மரத்தூள் விழும். கத்துவேன், சண்டை போடுவேன். ஆனால் இவர் ஸ்பீக்கருக்கு வட்ட ஓட்டை வெட்டுகிறபோது மட்டும் வாயை மூடிக்கொண்டு வாசலில் நின்று பார்ப்பேன். மற்றவர்கள் கோடு போட்டு, ரம்பத்தைக் கோட்டின் மேலே ஓட்டுவார்கள். வட்டம் உருளைக்கிழங்கு மாதிரி வரும், இடுக்கில் காற்று கசிந்து பேஸ் புர்ரென்று முனகும். இவர் ஒரு மரச்சட்டத்தின் ஒரு முனையில் மரம் குடையும் ரௌட்டர் மெஷினைத் திருகி, மறுமுனையில் ஆணி அடித்து, அந்த ஆணியை நடுப்புள்ளியில் ஊன்றி மெஷினைச் சுற்றுவார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆழம் இறக்குவார். வெட்டுகிற முனையின் கனத்தைக் கணக்கில் கழிக்க வேண்டும், மறந்தால் ஓட்டை பெருத்துவிடும். இவர் ஒரு தடவைகூட மறந்ததில்லை.

அந்த வருஷம் கார்னிவல் திருவிழாவுக்கு நான்கு புதுப் பெட்டி வேண்டும் என்றான் கார்ல்டன். புது ஸ்பீக்கர்கள் இன்னும் கைக்கு வரவில்லையாம். கடையில் அளந்து வந்தேன் என்று ஓர் அட்டை வட்டத்தைக் கொடுத்தான். இவர் அதை வைத்து நான்கையும் வெட்டி முடித்ததும், முன்பக்கத்து வலைக்கு அளவு வேண்டுமென்று அட்டையை வாங்கிக்கொண்டு போனான்.

பிறகு ஒரு ஸ்பீக்கரைத் தூக்கி வந்தான். பொருத்திப் பார்த்தால், விளிம்பு உட்கார இடமில்லை. ஸ்குரூ போடும் துளைகள் அந்தரத்தில் நின்றன. அரை அங்குலம் பெருசு. இவர் முகம் செத்துப்போயிற்று.

“பரவால்ல மச்சான். முனையோட கனத்த கழிக்க மறந்துட்ட. வயசாவுதுல்ல?” என்று தோளைத் தட்டினான் கார்ல்டன்.

கண்ணில் பட்டால் இவர் வருத்தப்படுவார் என்று சொல்லி, அவனே ஆள் கூட்டி வந்து நான்கு பெட்டிகளையும் வேனில் ஏற்றினான், உடைத்து அடுப்பெரிக்கிறானாம். எவ்வளவு நல்லவன் என்று நினைத்து, பொரித்த மீனும் ரொட்டியும் கட்டிக் கொடுத்தேன் நான். இந்தக் கையால்.

கார்னிவலில் செடார் இந்தத் தடவை வேண்டாம் என்றும் அவனே சொன்னான். தப்பு தன்னுடையது என்று இவரும் தலையாட்டினார். அதற்கப்புறம் பழைய செய்தித்தாளில் வட்டம் வட்டமாக வரைந்து, அளந்து, கசக்கிப் போடுவார். மகள் ஓர் அலமாரிக்குப் பலகை கேட்டாள். “கை போயிருச்சும்மா, கடையில வாங்கிக்க” என்றார். பஸ்ஸைத் திருப்பும்போதுகூட பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னார்.

ஜூலை ஞாயிற்றுக்கிழமை, பூங்காவில் கார்னிவல். போக மாட்டேன் என்றவரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். மரத்தடியில் புதுப் பெயரில் ஒரு சவுண்ட் செட் அதிர்ந்துகொண்டிருந்தது. மைக்கில் கார்ல்டன். பக்கத்தில் லீட்ஸிலிருந்து வந்த யாரோ ஒருவன். முன்னால் சிவப்பு பெயிண்ட் அடித்த நான்கு பெட்டிகள், அடுப்பெரிக்கக் கொண்டுபோன அதே பெட்டிகள்.

இவர் நேராகப் போய் ஒரு ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினார். அன்று வீட்டுக்குத் தூக்கி வந்தது இல்லை, வேறு கம்பெனி ஸ்பீக்கர்; அட்டை வட்டம் இதற்கு எடுத்த அளவுதான், ஓட்டையில் அச்சாக உட்கார்ந்திருந்தது. நகம் நுழைய இடமில்லை. இவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“மெர்லின், இங்க பாரு. கச்சிதமா இருக்கு. நான் தப்பா வெட்டல.”

எத்தனை மாதத்துக்கு அப்புறம் வந்த சிரிப்பு! அதற்குப் பிறகுதான் தலை நிமிர்ந்து மைக்கைப் பார்த்தார். கூடவே இருந்து குழி பறித்தவன் அங்கே நின்றான். எனக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

கார்ல்டன் இறங்கி வந்தான். சொல்லணும்னுதான் இருந்தேன், நேரம் அமையல என்று இழுத்தான்.

இவர் குரலை உயர்த்தவில்லை. “உனக்குன்னு கேட்டிருந்தா வெட்டிக் குடுத்திருப்பேனேடா. என் கையையே நான் சந்தேகப்படுற மாதிரி ஏன் பண்ணின?”

கார்ல்டன் தரையைப் பார்த்தான். “கேட்டிருந்தா, புது செட்டுக்கு நீயும் கூட வர்றேன்னு சொல்லியிருப்ப மச்சான்.”

அவன் சொன்னது நிஜம். கேட்டிருந்தால் மறு வார்த்தை பேசாமல் கூடப் போயிருப்பார்.