எண்பத்து நான்கடியில் ஒரு முடிச்சு

நம்புகிறவர்கள் படியுங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள் நான். மெக்கானிக்கல். யாராவது பேய் என்று ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவேன். அந்த நான்தான் சொல்கிறேன். இது நடந்தது.

அண்ணன் செத்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. ஏரியில் மீன் பிடிக்கப் போன இடத்தில் கயாக் படகு கவிழ்ந்து, கம்பியில் கால் சிக்கிப் போய்விட்டான். அலையில்லாத ஏரியில் எப்படிக் கவிழும், குடித்திருப்பான் என்று ஊரே பேசியது. பீர் வாடைக்கே மூக்கைப் பொத்துகிறவன் அவன். துக்கம் விசாரிக்க வந்த சித்தப்பாவும் அதையே சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். அம்மா நம்பிவிட்டாள். அண்ணன் போட்டோவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் ஏன் கவிழ்ந்தான் என்று கண்டுபிடித்து அவள் முன்னால் வைக்கவேண்டும். அதற்காகத்தான் போனேன்.

கயாக்கைப் போலீஸ் திருப்பிக் கொடுத்திருந்தது. அதன் பக்கவாட்டில் டவுன்ரிகர். கையால் சுற்றும் சக்கரம், அதில் எஃகுக் கம்பி, கம்பி முனையில் ஈயக் குண்டு, அவ்வளவுதான். தூண்டில் நரம்பைக் கம்பியில் கிளிப் போட்டு மாட்டிக் குண்டை இறக்கினால், பெரிய மீன்கள் கிடக்கும் ஆழத்துக்கு இரை போய்ச் சேரும். கயாக்கின் பெடலை மெல்ல மிதித்துக்கொண்டே போகவேண்டும். மீன் கடித்தால் கிளிப்பிலிருந்து நரம்பு பட்டென்று விடுபடும்.

அண்ணன் தன் கறுப்புக் குண்டுக்குக் கண்ணும் மீசையும் வரைந்து மாமா என்று பேர் வைத்திருந்தான். "மாமா, கீழ போயி நல்ல பொண்ணாப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லித்தான் இறக்குவான். இறக்கி முடித்ததும் கம்பியை விரலால் இரண்டு தரம் சுண்டுவான்.

டொய்ங்... டொய்ங்.

குண்டைக் கம்பியோடு பச்சை நூலால்தான் கட்டுவான். சப்பை நூல். அறுந்து அறுந்து நாலு குண்டு ஏரிக்குள் போயிருந்தது; மாமா ஐந்தாவது. படிக்காதவன் வேலை என்று திட்டிவிட்டு நான்தான் அந்த நூலை வெட்டி எறிந்தேன். எஃகுக் கொக்கி போட்டேன். இருநூறு கிலோ தாங்கும். ஜோடியாக விற்றது, வாங்கினேன். அவன் ஏதோ சொல்ல வந்தான். நான் சொல்ல விட்டால்தானே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் திரும்பி வரவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மாமாவும் கொக்கியும் ஸ்டேஷனில், சீல் வைத்த பையில் இருந்தன. அதனால் புதுக் குண்டு வாங்கினேன். ஆரஞ்சு நிறம். அடையாளத்துக்கு என் ஊதா நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்தேன். மிச்சமிருந்த இரண்டாவது கொக்கியில் அதை மாட்டினேன்.

காலை 4.50. படகுத்துறையில் யாரும் இல்லை. தண்ணீரில் இறங்கினேன்.

5.20. அவனைக் கண்டெடுத்த இடம். குண்டை இறக்கினேன். அடி காட்டும் எண்கள் ஓடின. நாற்பது... அறுபது... எண்பதில் சக்கரத்தைப் பூட்டினேன்.

மிதித்தேன். குனிந்து பார்த்தேன். எண்பத்து நான்கு.

பூட்டு போட்டது போட்டபடி இருந்தது.

5.36. காற்று கிளம்பியது. என் முதுகு சில்லிட்டது. நனைந்த சட்டையோடு யாரோ பின்னால் ஒட்டி உட்கார்ந்த மாதிரி... அது ஒற்றை ஆள் கயாக்.

5.38. குண்டு எதிலோ மாட்டியது. கயாக் நின்றது. காற்று தள்ளியது. கம்பி இழுத்தது. கயாக் சாய்ந்தது.

பூட்டைத் திறக்கப் பார்த்தேன். இறுகிக் கிடந்தது.

கத்தியால் அறுத்தேன். எஃகுக் கம்பி... வழுக்கியது.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

இப்படித்தானா அண்ணா...

டொய்ங்.

நான் கம்பியைத் தொடவில்லை.

டொய்ங்.

கீழேயிருந்து.

கம்பி தளர்ந்தது. கயாக் நிமிர்ந்தது. 5.40.

சுற்றினேன். வெறும் கம்பிதான் வரும் என்று நினைத்தேன். கனத்தது. ஐம்பது... இருபது... பத்து...

முதலில் மீசை தெரிந்தது.

மாமா.

பச்சை நூலில் தொங்கிக்கொண்டிருந்தார். மூன்று சுற்று, ஒரு இழுப்பு. அண்ணன் முடிச்சு.

எப்படிக் கரை சேர்ந்தேன் என்று தெரியாது. படகுத்துறைக்காரர் வந்து கயாக்கைப் பிடித்தார். நூலைப் பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அடியில் மூழ்கிய மரங்கள் இருக்கின்றன, குண்டு கிளையில் மாட்டினால் நூல் அறுந்துவிடவேண்டும், குண்டு போனாலும் ஆள் பிழைப்பான், அதற்குத்தான் சப்பை நூல் என்றார். அண்ணன் போன அன்று காலை கொக்கியைப் பார்த்துக் கழற்றச் சொன்னாராம். அண்ணன் சிரித்தானாம்.

"'தங்கச்சி போட்டதுண்ணே. இன்ஜினியரு. கழட்டுனா மூஞ்சத் தூக்கி வச்சுக்கும்'னான்."

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எழவு வீட்ல வந்து இதச் சொல்லச் சொல்றியாம்மா?"

அதே நாள் பகல் 11.15. அண்ணன் பொருள்களைக் கையெழுத்துப் போட்டு வாங்க அம்மாவோடு ஸ்டேஷனுக்குப் போனேன். காவலர் எங்கள் முன்னால்தான் சீலை உடைத்தார். பையின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கைக்கடிகாரம். சாவி. பட்டியலில் ஒரு கொக்கி. பையில் இரண்டு.

கடைசியாகக் குண்டு. ஆரஞ்சு நிறம். ஊதாக் கோடு.

"கறுப்புக் குண்டுன்னுல்ல எழுதியிருக்கு. இது யாரோடது?" என்றார் காவலர்.

அம்மா என்னைப் பார்த்தாள்.

"என்னோடது" என்றேன். "கொக்கியும் நான் போட்டதுதாம்மா. அவன் குடிக்கல."