கழுவிய கை

எங்கள் வீட்டில் அண்ணிக்குப் 'பதட்டம்' என்று பெயர். வைத்தவள் நான்தான். கல்யாணமாகி வந்த முதல் வாரம் அப்பாவின் மடியில் தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்தாள். அடுத்த வாரம் கண்ணாடி ஜாடி போனது. அதற்கடுத்து என் புதுச் சட்டையில் இஸ்திரிப் பெட்டியின் மூஞ்சி அப்படியே பதிந்தது. "பதட்டம் வந்தாச்சு, உடையற சாமானை எல்லாம் உள்ளே எடுத்து வைங்க" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள், அண்ணியும் சேர்ந்து சிரிப்பாள். பத்தொன்பது வருஷம் அப்படிச் சிரித்திருக்கிறாள்.

துணி வெளுக்கும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. இரண்டு தலையணை உறை கருகியதும் இஸ்திரி மேசையிலிருந்து மடிப்பு மேசைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் மடித்த விரிப்பைப் பிரித்துப் பிரித்து மறுபடி மடிப்பாளாம். ஏனென்று கேட்டால், "ஓரம் சேரலையோன்னு சந்தேகமா இருக்கு சார்" என்பாளாம். குழந்தை இல்லை. அதுவும் தன் குறைதான் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

அவளுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு சிலுவை வேண்டும். பஸ் ஏறினாலும் சரி, அடுப்பு பற்ற வைத்தாலும் சரி, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் குட்டிச் சிலுவையைப் பிடித்து முத்தமிட்டு, நெற்றியைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டு, தோளைத் தொட்டு ஒரு சுற்று சுற்றி வருவாள். "ஆண்டவருக்கே அலுத்துப் போயிருக்கும் அண்ணி" என்று அதற்கும் ஒரு நக்கல் வைத்திருந்தேன்.

இப்படிப்பட்டவள் கையில்தான் என் அண்ணனின் உயிர் வந்து விழுந்தது.

சர்க்கரை வியாதி அவனுடைய கிட்னி இரண்டையும் தின்றுவிட்டது. மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து பார்த்தார்கள். ஒரு வருஷத்தில் ஊசி போட நரம்பே இல்லாமல் போனது. மிச்சமிருந்தது ஒரே வழி. வயிற்றில் ஒரு குழாயை வைத்துவிடுவார்கள். அதன் வழியாக ஒரு பை மருந்துநீரை உள்ளே விட வேண்டும், சில மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டு வேறு பை மாட்ட வேண்டும். வீட்டிலேயே, தினமும் நாலு தடவை. குழாயின் முனையில் அழுக்கு விரல் பட்டால் போதும், கிருமி உள்ளே போய் ஆளையே சாய்த்துவிடும். அண்ணனால் செய்ய முடியாது. விரல்கள் மரத்துவிட்டன, பார்வையும் மங்கல்.

"வீட்டுல யார் கத்துக்கப் போறீங்க?" என்று டாக்டர் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அந்தக் குழாயைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். நீளமெல்லாம் வாயில்தான்.

"நான் கத்துக்கறேன்" என்றாள் அண்ணி. குரல் பாதிதான் வந்தது.

ரப்பர் வயிறு ஒன்றை மேசையில் வைத்துப் பத்து நாள் சொல்லிக்கொடுத்தார்கள். நர்ஸ் படு கறார். ஜன்னலைச் சாத்தணும், மின்விசிறியை நிறுத்தணும், முகமூடி போடணும், கை கழுவணும். கழுவின கை பையையும் குழாயையும் தவிர எதன் மேலும் படக்கூடாது. பரீட்சைக்கு மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் அண்ணனை எங்கோ தூரத்திலிருக்கும் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். அவனோ ஒரே பிடியாகச் சொல்லிவிட்டான். "அங்க போய்த் தனியா கிடக்கறதுக்கு இந்தக் குழாயைப் பிடுங்கிப் போட்டுட்டு வீட்டுக்கே வந்துடறேன். எத்தனை நாளோ அத்தனை நாள்."

முதல் பரீட்சையில் கையைக் கழுவினாள், துடைத்தாள், நெற்றியில் சிலுவை போட்டாள். நர்ஸ் பேனாவை மூடிவிட்டாள். என்ன தப்பு நடந்தது என்றே அண்ணிக்குத் தெரியவில்லை, கை தானாகப் போயிருந்தது. இரண்டாவதில் கடைசிவரை நன்றாகத்தான் வந்தாள். குழாயை அடைக்கிற கிளாம்ப் திறக்காமல் சிக்கிக்கொண்டது. வெலவெலத்துப் போய்க் கழுத்துச் சிலுவையைப் பிடித்தாள். அதுவும் போச்சு.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் அவளைத் தேடிப் போனேன். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் சின்ன ஜெப அறை ஒன்று உண்டு. மத்தியான நேரம், உள்ளே அவளைத் தவிர யாருமில்லை. முன் பெஞ்சில் நெற்றியை முட்டிக்கொண்டு சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் போதாது ஆண்டவரே. ஒரு விரிப்பை ஒழுங்கா மடிக்கத் துப்பில்லாதவளை எதுக்கு இதுல கொண்டு வந்து நிறுத்தினீங்க? என்னாலதான் அவர் சாகணுமா? பயந்தா உங்களைத்தானே பிடிப்பேன்? அதையும் தொடாதேன்னா நான் எதைப் பிடிச்சுக்கறது? சொல்லுங்க, எதைப் பிடிச்சுக்கறது?"

கேட்டுவிட்டு அழுதாள். ஒரு மனுஷி அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பெஞ்சே ஆடியது. கேட்க வந்த கேள்விகளை மென்று முழுங்கிக்கொண்டு நான் கதவோரம் நின்றேன். அழுகை ஓய்ந்த பிறகு, வீட்டு ஆளிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"சரி. நான் பிடிக்கலை. நீங்க என்னைப் பிடிச்சுக்கோங்க."

வெளியே வந்தவள் என்னைப் பார்த்தாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்தாள். "இதை நீ வச்சுக்கோ. கழுத்துல கிடந்தா கை போயிடும்."

"அண்ணி, நான் வந்து..."

"திட்டறதுன்னா வெள்ளிக்கிழமை பரீட்சைக்கு அப்புறம் திட்டு."

வெள்ளிக்கிழமை பரீட்சை அறை மூலையில் முகமூடியோடு என்னையும் உட்கார விட்டார்கள். அண்ணி கை கழுவிவிட்டு வந்தாள். யாரோ ஒரு தாளில் கையெழுத்துக் கேட்க, நர்ஸ் கதவுப் பக்கம் திரும்பினாள். அந்த ஒரு நொடியில் அண்ணியின் வலக்கை மேலே போய் நெற்றியைத் தொட்டுவிட்டது. விரல் நுனிதான். நர்ஸ் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அண்ணியும் பார்த்தாள்.

சொல்லிடாதீங்க அண்ணி, ஆண்டவரே, சொல்ல விட்டுடாதீங்க என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். பல வருஷம் கழித்து நான் செய்த ஜெபம் அது, அதுவும் ஒரு பொய்க்காக.

"சிஸ்டர், நெத்தியைத் தொட்டுட்டேன்."

"எப்போ?"

"இப்பத்தான். நீங்க பார்க்கலை."

"இதோட மூணு தடவை."

"தெரியும்." குரல் உடைந்தது, கண்ணீர் முகமூடிக்குள் இறங்கியது. "ஆனா தொட்ட கையோட அவர் வயித்துக்கிட்ட போக மாட்டேன். மறுபடி கழுவிக்கட்டுமா?"

நர்ஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுவுங்க."

முதலிலிருந்து கழுவினாள், துடைத்தாள். இரண்டு கையையும் உயர்த்தி, விரல்களை விரித்தபடி நின்றாள். பிடித்துக்கொள்ள அவளுக்கு ஒன்றுமே இல்லை. ஒரு நொடி கண்ணை மூடி, "பிடிச்சுக்கோங்க" என்றாள். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை, கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. முழங்கையை விலாவில் முட்டுக்கொடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். முனை எதிலும் படாமல் போய்ச் சேர்ந்தது.

நர்ஸ் கையெழுத்துப் போட்டாள். "நடுங்கறதை நான் எழுதறதில்லைம்மா. இனிமே தொட்டாலும் இதே மாதிரி சொல்லுங்க, யாரும் பார்க்காட்டியும்."

மறுவாரம் அண்ணன் வீட்டுக்கு வந்தான். வழியில், எப்படி அண்ணி சொன்னீங்க என்று கேட்டேன். "போதாதவள்னு தெரிஞ்சுதானே ஆண்டவர் என்னைக் கூப்பிட்டார். அவர்கிட்ட இனிமே எதை மறைக்கறது?" என்றாள்.

முதல் பை மாற்றுகிற நேரம். ஜன்னலைச் சாத்தியாயிற்று, மின்விசிறி நின்றுவிட்டது, கட்டிலில் அவள் நாலு தடவை மடித்துப் பிரித்த விரிப்பு. இந்த வயிறு ரப்பர் இல்லை. அண்ணி கை கழுவிவிட்டு வந்து, கைகளை உயர்த்தியபடி என் எதிரே நின்று தலையைக் குனிந்தாள்.

"என் கை கழுவியாச்சு. நீ போடு."

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பத்தொன்பது வருஷம் நக்கலடித்த நான் கையைத் தூக்கினேன். கட்டைவிரலால் அவள் நெற்றியில் சிலுவை வரைந்தேன். நேராக வரவில்லை, விரல் புருவத்தில் போய் இடித்தது.

"என்னடி, இப்படி நடுங்குது உனக்கு?" என்றாள்.

கட்டிலிலிருந்து அண்ணன் கேட்டான். "இப்ப யாரு பதட்டம்?"

அண்ணி கிளாம்பைத் திறந்தாள்.