மிதி, புடி, உடு

ஞாயிற்றுக்கிழமை என்றால் மற்ற வீடுகளில் கறி எடுப்பார்கள். எங்கள் வீட்டில் ஜீப்புக்கு டயர் கழற்றுவார்கள். கழற்றுவது என் வீட்டுக்காரர். பக்கத்தில் நின்று எரிச்சல்படுவது நான்.

அது பட்டாளத்து ஏலத்தில் வந்த பழைய பெட்ரோல் ஜீப். நான்கு சக்கரமும் இழுக்கும். சேறு, கல், ஓடைத் தண்ணீர் எதுவானாலும் ஏறிப் போய்விடும். தொண்ணூறுகளின் நடுவில், பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பையும் எண்ணெய்ச் செக்கையும் கொழுந்தனார் பொறுப்பில் விட்டுவிட்டு, மலை மேல் மிளகும் காப்பியும் போட்ட கொஞ்ச நிலத்தைப் பார்த்துக்கொள்ள நாங்கள் மூன்று பேரும் குடிபோயிருந்தோம். மூன்றாவது ஆள் என் மகள். ஒன்றாம் வகுப்பு சேர்க்கும் வயது. அவளுக்கு வீசிங் உண்டு. மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று உறவில் ஆளாளுக்குச் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவராவது மார்கழியில் வந்து ஒரு ராத்திரி படுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு வெறும் கல் பாதை. தார் ரோடு வந்தால் வளைவு மேல் வளைவு. ஆழியாறு போய்ச் சேர்ந்தால்தான் சமவெளி. அவசரத்துக்கு இறங்க எங்களுக்கு இருந்தது அந்த ஜீப் ஒன்றுதான் என்பதால், பிரேக் விஷயத்தில் அவர் எந்தப் பட்டறையையும் நம்பமாட்டார். வாரா வாரம் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்முக்குள் சேர்ந்த தூசியை ஈரத்துணியால் துடைப்பார். லைனிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று நகத்தால் தடவிப் பார்ப்பார். திரும்ப மாட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, லேசாக உரசும் வரை முடுக்கி, பிறகு ஒரு இழை தளர்த்துவார். அந்த உரசலை அவர் காது கொடுத்துக் கேட்கிற அழகைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நான் பேசுவதை ஒரு நாளாவது அப்படிக் கேட்டிருப்பாரா?

கடைசியில் என்னைக் கூப்பிடுவார். பிரேக் குழாயில் காற்று புகுந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார வேண்டும். அவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வார்.

"மிதி" என்பார். மிதிப்பேன். "புடி" என்பார். அமுக்கிப் பிடித்திருப்பேன். அவர் சக்கரத்தில் இருக்கும் நிப்பிளைத் திறந்து, குமிழோடு வரும் ஆயிலை டப்பாவில் பிடித்து, மூடிவிட்டு "உடு" என்பார். காலை எடுப்பேன். இப்படியே நான்கு சக்கரமும். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்துகொண்டிருக்கும்.

"ஏனுங்க, என்னையக் கட்டிக்கிட்டதே இதை மிதிக்கத்தானுங்களா?"

"வேற ஆரை நம்பி அம்மணி இங்க உக்கார வெக்கறது?" என்று அடியிலிருந்து குரல் மட்டும் வரும்.

பிரேக் ஆயிலைக் கடையில்தான் வாங்குவார். கண்டதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப்போகும் என்று யாரோ பயமுறுத்தி வைத்திருந்தார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் எங்கள் செக்குத் தேங்காயெண்ணெய்தான். தலைக்கு, தாளிக்க, விளக்குக்கு, பூட்டுக்கு, கேட்டுக் கீலுக்கு, தையல் மிஷினுக்கு எல்லாம் அதுதான். "சொந்தமா செக்கு வெச்சுக்கிட்டு கடையில போயி எண்ணெ வாங்குனா ஊர்ல சிரிக்க மாட்டாங்களா" என்பது என் மாமனார் காலத்துப் பேச்சு. தோப்பு வைத்திருக்கிற வீட்டில் கறிவேப்பிலை வாங்கினாலும் குற்றம், எண்ணெய் வாங்கினாலும் குற்றம். ஜீப்பின் ஆக்சிலேட்டருக்குப் பழைய கம்பி தேய்ந்துபோய்க் கேபிள் போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே சமவெளியில் இருந்த வரைக்கும் இந்த எண்ணெயைத்தான் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு குறையும் வந்ததில்லை.

மலைக்கு வந்த முதல் மார்கழியில் ஒரு ஞாயிறும் அப்படியே விட்டார். கேபிளின் மேல்முனையைக் கழற்றி, அதில் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கூம்பு மாதிரி நூலால் கட்டி, உச்சி வெயிலில் ஒரு டம்ளர் எண்ணெயை ஊற்றி, கீழ்முனையில் சொட்டும் வரை காத்திருந்தார். மாட்டிவிட்டு என்னை ஆக்சிலேட்டரை அமுக்கிப் பார்க்கச் சொன்னார். "வெண்ணெ மாதிரி போகுது பாரு" என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் விடியும் முன் மகளின் மூச்சுச் சத்தத்தில் விழித்தேன். வீசிங் வரும்போது அவளுக்கு எப்போதும் விசில் போல ஒரு சத்தம் வரும். அன்றைக்கு அது ரம்பம் அறுக்கிற மாதிரி இருந்தது. எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் பாயில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் குழிந்தது. டாக்டர் கொடுத்திருந்த சிரப்பைப் புகட்டினேன். வாந்தியில் வந்துவிட்டது. "அம்மா" என்று முழுதாகச் சொல்ல முடியவில்லை. "அம்" என்று நிறுத்தி, மூச்செடுத்து, "மா" என்றாள்.

அவர் ஜீப்பை எடுக்க ஓடினார். நான் ஆவி பிடிக்க ஒரு போசிப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தேன். விறகு பனியில் நனைந்து புகைந்தது. ஊதி ஊதித் தண்ணீர் ஒரு வழியாகக் கொதிக்கிற நேரத்தில், எண்ணெயில் கற்பூரம் போட்டு நெஞ்சில் தேய்க்கலாம் என்று தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. உள்ளே வெள்ளையாக, கட்டியாக உறைந்து கிடந்தது.

அப்போதுதான் வெளியே ஜீப் அலறியது. ஸ்டார்ட் செய்த சத்தம் இல்லை அது. என்ஜின் முழு வேகத்தில் கத்திக்கொண்டே இருந்தது, குறையவே இல்லை. பிறகு பட்டென்று நின்றது. மறுபடி ஸ்டார்ட் ஆகி மறுபடி கத்தியது. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். பாட்டில் கையிலேயே இருந்தது.

பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு டார்ச்சை வாயில் கவ்வியிருந்தார். "மிதிச்சா போகுது அம்மணி, திரும்ப வர மாட்டேங்குது. கார்புரேட்டர்ல என்னமோ ஆயிப்போச்சு, கழட்டிப் பாத்துடறேன், ஒரே நிமிஷம்..." ஸ்பேனர் அவர் கையிலிருந்து விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பார்த்த கை இல்லை அது.

கார்புரேட்டரைக் கழற்றினால் மாட்டி முடிக்க விடிந்துவிடும். அதுவரை இவள் இருக்கமாட்டாள். எனக்கு அது அப்பட்டமாகத் தெரிந்தது. பக்கத்து எஸ்டேட் டிஸ்பென்சரியில் இந்நேரத்துக்கு ஆள் கிடையாது, இருந்தாலும் மாத்திரை கொடுக்கிற கம்பவுண்டர்தான். என்ன செய்வது என்று தெரியாமல் நின்றபோது கையில் இருந்த பாட்டில் சில்லென்று உறுத்தியது. அதைப் பார்த்தேன். கேபிளைப் பார்த்தேன்.

"எண்ணெயுங்க!" என்று கத்தினேன். "கேபிள்ல ஊத்துனீங்களே, அந்த எண்ணெ ஒறஞ்சு கெடக்குதுங்க!"

அவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை நான் மறக்க விரும்பியிருக்கிறேன். முடிந்ததில்லை.

மகளை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுப்புக்கு ஓடினேன். போசியில் கொதித்துக்கொண்டிருந்தது அவளுக்கான தண்ணீர். இதை ஊற்றிவிட்டால் ஆவி பிடிக்க ஒன்றும் இல்லை. இன்னொரு போசி காய இந்த விறகை நம்ப முடியாது. அடுப்பின் முன் ஒரு கணம் நின்றேன், கடவுளே என்று ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்தது. பிறகு தூக்கிக்கொண்டு ஓடிப்போய், கேபிள் நெடுக ஊற்றினேன். அவர் ஒரு கையால் ஆக்சிலேட்டர் பெடலை அமுக்கி அமுக்கித் தூக்கினார். கீழ்முனையிலிருந்து எண்ணெய் உருகிச் சொட்டியது. ஸ்டார்ட் செய்தபோது என்ஜின் சத்தம் ஏறி, இறங்கியது. மகளோடு ஏறிக் கிளம்பினோம்.

ஆனால் பனிக்காற்று ஜீப்புக்குள் நாலு பக்கமும் வீசியது. கல் பாதை தாண்டி தார் ரோட்டுக்கு வருவதற்குள் ஆக்சிலேட்டர் மறுபடி மந்தமாகிவிட்டது. மிதித்தால் அப்படியே கிடந்தது. அவர் கழுத்தில் இருந்த துண்டை உருவி, ஒரு முனையைப் பெடலில் முடிச்சுப் போட்டு, மறுமுனையை என்னிடம் கொடுத்தார்.

"நான் சொன்னா தூக்கு. சொன்னா உடு."

ஒரு கையில் மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறுகையில் துண்டைச் சுற்றிக்கொண்டேன். வளைவு வந்தால் "தூக்கு" என்றார். இழுத்தேன். வளைவு தாண்டினால் "உடு" என்றார். விட்டேன். மகள் மூச்சு என் கழுத்தில் அறுத்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் கேட்கும்வரை உயிர் இருக்கிறது என்று அதையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

பாதி மலையில் சத்தம் நின்றது.

சரியாகிவிட்டது என்று ஒரு கணம் நினைத்தேன். முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். உதடு நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. சத்தம் போடக்கூட மூச்சு போதவில்லை. "கண்ணு, கண்ணு" என்று உலுக்கினேன். அவர் "தூக்கு" என்று சொன்னது காதில் விழவில்லை. துண்டு கையில் இருந்தது, நான் இழுக்கவில்லை. வளைவில் முதல் பஸ் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சம் எங்கள் முகத்தில் அடித்தது.

அவர் பிரேக்கை மிதித்தார். என்ஜின் முன்னே தள்ளியது, நான்கு சக்கரமும் ஒன்று போலப் பிடித்தன. வண்டி பக்கவாட்டில் இம்மியும் நகரவில்லை. ஓரக்கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றது. பஸ் உரசாமல் போனது. அவர் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார். என்னைத் திட்டவில்லை. மகள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். "இருக்குது" என்றார். ஸ்டார்ட் செய்தார்.

மிச்ச வளைவுகளில் நான் ஒரு "தூக்கு"கூடத் தவறவிடவில்லை. ஆழியாறு தாண்டி வெயில் வந்ததும் பெடல் தானாக இளகியது.

பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். வெகுநேரம் கழித்து அந்த ரம்பச் சத்தம் திரும்ப வந்தது. அது வந்ததற்குச் சந்தோஷத்தில் அழுத தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்: "குளிர் காலத்துல இது திரும்பத் திரும்ப வரும்ங்க. எப்ப வந்தாலும் உடனே கொண்டாந்துரோணும்." என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார்.

கீழேயே தங்கிவிடலாம் என்றால் முடியாது. போட்ட காசெல்லாம் அந்த மண்ணில் கிடந்தது. பட்டறையில் புதுக் கேபிள் மாட்டி, மெல்லிய மிஷின் எண்ணெய் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு மலை ஏறினோம்.

அடுத்த ஞாயிறு அவர் நேரத்துக்கு எழுந்திருக்கவில்லை. எழுந்தும் ஜீப் பக்கம் போகவில்லை. சாமான் பெட்டி மூடியே கிடந்தது. வாசற்படியில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னையக் கொன்னு போட்டிருக்கோணும் அம்மணி" என்றார். எனக்குக் கோபம் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அதைவிடப் பெரியதாகப் பயம் இருந்தது. உள்ளே மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், மார்கழி இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

அடுப்பில் இருந்த ரசத்தை இறக்கி வைத்தேன். போய் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பிரேக் பெடலில் கால் வைத்தேன்.

"மிதிச்சுட்டேனுங்க" என்று கூப்பிட்டேன்.

கால் வலிக்க வலிக்க எடுக்காமல் இருந்தேன். வெகு நேரம் கழித்துப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அவர் குனிந்து வண்டிக்கு அடியில் போனார்.

"புடி" என்றார்.

பிடித்துக்கொண்டேன்.